நசவாமில் அடித்த மணி

லமிலே அக்காவுக்குக் குத்துச்சண்டை பிடிக்காது. அக்ராவின் குத்துச்சண்டைப் பேட்டையான புக்கோமில் பிறந்து வளர்ந்துவிட்டு இதை வெளியே சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். அவருக்கு அது உண்டு. யாருடைய மூக்கிலாவது குத்து விழப்போகிறது என்று தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் மீன் அடுப்புகளைப் பார்ப்பார். இருந்தும், எங்கள் தெரு ஜிம்மில் ஒரு சுற்று எப்போது தொடங்கவேண்டும், எப்போது முடியவேண்டும் என்பது அவர் கையில்தான் இருக்கிறது.

ஜிம் என்றால் கூரை கிடையாது. ஒரு முற்றம், சிமெண்டுத் தரை, கயிறு கட்டிய நான்கு கம்பங்கள், மூலையில் ஒரு வேப்பமரம். அதை ஒட்டித்தான் அக்காவின் வட்ட மண் அடுப்புகள். கம்பி வலையில் மத்தி மீனை அடுக்கி, புகை மூட்டி, நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பார். முன்பு மணி அடித்துக்கொண்டிருந்தவர் கப்பல் வேலைக்குப் போய்விட, கொஞ்ச காலம் மணிக்கு ஆளில்லாமல் இருந்தது. சண்டை பழகுகிறவர்கள் நேரம் காலம் பார்க்காமல் அடித்துக்கொண்டார்கள். ஒருநாள் முகம் வீங்கிப்போன ஒருவனை இன்னொருவன் விடாமல் குத்துவதைக் கண்ட அக்கா, அடுப்பு இடுக்கியோடு எழுந்து வந்து, வேப்பமரத்தில் மணியாகத் தொங்கிய பழைய லாரி பிரேக் டிரம்மை ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"நிறுத்துங்கடா! மீனைக்கூட நான் இப்படிப் பொசுக்கமாட்டேன்."

எல்லோரும் நின்றுவிட்டார்கள். பயிற்சியாளர் ஒடோய் மாஸ்டர் வீட்டுக்குப் போய் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே மாட்டினார்.

"லமிலே, இனிமே நீயே அடி."

"சம்பளம்?"

"எல்லாரையும் திட்டலாம். என்னையும் சேர்த்து."

அந்தச் சம்பளத்தை அக்கா இன்றுவரை ஒழுங்காக வாங்கிவருகிறார். ஜிம்முக்கு எதிரேதான் போன் பழுதுபார்க்கும் என் கடை என்பதால் எல்லாம் என் காதில் விழும்.

அதிகமாகத் திட்டு வாங்கியவன் அயிக்வே. இடது கை மின்னல் மாதிரி வரும். ஆனால் மணி அடித்த பிறகும் ஒரு குத்து கூடுதலாக வரும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஓடுகிற வண்டி பிரேக் போட்டதும் நின்றுவிடுமா, அதுபோலத்தான். போன வருடம் தேசியப் போட்டியில் அந்தக் கூடுதல் குத்துக்காகவே புள்ளியை இழந்து தோற்றான். அன்றிலிருந்து அக்கா அவனை விடவில்லை. மணிக்குப் பிறகு கை நீண்டால் கடற்கரையிலிருந்து மீன் கூடையைச் சுமக்கவேண்டும். ஜிம்மில் எல்லோர் முன்னாலும், தலையில் கூடையோடு, பெண்கள் நடக்கிற மாதிரி நிமிர்ந்து நடக்கவேண்டும். சில மாதங்களில் அவன் திருந்திவிட்டான். டிரம் சத்தம் கேட்ட கணத்தில், அறுந்த கயிறுபோல இரண்டு கைகளும் கீழே விழும். இந்த வருடம் தேசிய அணியில் அவன் பெயர் வந்தது. கடல் கடந்த ஊரில் பல நாடுகள் கூடும் விளையாட்டு விழா. ஓட்டக்காரர்கள், தாண்டுகிறவர்கள், குத்துச்சண்டைக்காரர்கள் என்று ஒரு விமானம் நிறைய எங்கள் ஆட்கள் போகவிருந்தார்கள்.

அதற்குள் மே மாதம் வந்தது. சோளம் விதைத்தாகிவிட்டது.

விதைத்த பிறகு ஒரு மாதம் எங்கள் மண்ணில் சத்தம் கூடாது. மேளம் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, கைதட்டல் கூடாது. சாவு வீட்டில்கூட அழுகையைத் துணியில் பொத்திக்கொள்வார்கள். சோளம் முளைப்பதைத் தெய்வங்கள் காதுகொடுத்துக் கேட்கிற மாதம் அது. பூசாரிகள் அறிவித்த அன்று காலையிலேயே அக்கா பிரேக் டிரம்மைச் சாக்கில் சுற்றிக் கட்டிவிட்டார்.

மணி இல்லாமல் பயிற்சி எப்படி? அக்காவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. சாவு வீட்டுக்கு உடுத்திப்போகும் பழைய சிவப்புத் துணியிலிருந்து ஒரு முழம் கிழித்து மூங்கில் கழியில் கட்டினார். கழி உயர்ந்தால் சுற்று முடிந்தது. இரண்டே நாளில் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். அயிக்வே எல்லோரையும்விட நன்றாகப் பழகினான். எதிராளியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, ஓரக்கண்ணில் சிவப்பு ஏறியதும் கையை இறக்கிவிடுவான். ஒடோய் மாஸ்டர் சந்தோஷத்தில் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டிக் காட்டினார். அந்த மாதம் முழுக்க எங்கள் முற்றத்தில் கேட்டது மூச்சும், தரையில் உரசும் காலும், தோல் பை வாங்கும் அடியும்தான். எனக்கு அந்த மாதம் பிடிக்கும். பேசாமல் இருப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்லவேண்டியதில்லை.

அயிக்வே கிளம்பிப் போனான்.

முதல் சண்டையைப் பார்க்க, பக்கத்தில் கெங்கே என்கிற சோள மாவு உருண்டை விற்கும் கடைக்காரி தன் டிவியை வெளியே எடுத்து வைத்தாள். தெருவே திரண்டிருந்தது. டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்திருந்தார்கள். குத்து விழும்போதெல்லாம் ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு தோளால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அக்கா தன் அடுப்பருகே முதுகைக் காட்டி உட்கார்ந்து மீனைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவ்வப்போது திரும்பி ஒரு பார்வை. முதல் சுற்று அயிக்வேயுடையது. இரண்டாவதும் அவனுடையதுதான். அந்தச் சுற்றின் நடுவே அவன் சட்டென்று கைகளை இறக்கினான்.

சுற்று முடிந்துவிட்டது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஒரு ஆள் சிறுநீர் கழிக்க எழுந்தும்விட்டார். அப்போதுதான் எதிராளியின் வலது கை வந்து அயிக்வேயின் தாடையில் இறங்கியது. அவன் உட்கார்ந்துவிட்டான். நடுவர் விரல்களை நீட்டி எண்ணத் தொடங்கினார்.

கயிற்றுக்கு அப்பால், பார்வையாளர் வரிசையில், எங்கள் நாட்டு ஆள் ஒருவர் எங்கள் கொடியை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். கொடியின் மேல்பட்டை சிவப்பு.

அயிக்வே எழுந்தான். தட்டுத்தடுமாறி மூன்றாம் சுற்றையும் முடித்தான். மயிரிழையில் அவன் பக்கம் தீர்ப்பு வந்தது. யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. எல்லோரும் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அவர் கையில் இடுக்கி அப்படியே நின்றிருந்தது.

"என் துணிதான்," என்றார்.

மறுநாள் காலை என் கடையில் அயிக்வேயோடு வீடியோவில் பேசினோம். தாடை ஒரு பக்கம் உப்பியிருந்தது.

"மணி அடிச்சிருச்சுன்னு நெனச்சேன் அக்கா. சிவப்பு தெரிஞ்சுது."

"அது கொடிடா."

"மண்டைக்குத் தெரியும். கைக்குத் தெரியலையே."

பக்கத்திலிருந்து ஒரு பெண் முகம் திரைக்குள் புகுந்தது. எங்கள் பக்கத்துப் பேட்டையான லபாடியைச் சேர்ந்த அடோலே. தொடர் ஓட்ட அணியில் ஓடுகிறவள். "அக்கா, உங்க ஆளு இங்க சாப்பாட்டுக் கூடத்துல சிவப்புச் சட்டை போட்டவங்க யாராவது எழுந்தாலே கரண்டியைக் கீழே வெச்சுடறான். பட்டினி கெடந்தே செத்துருவான்."

"நீ போட்டி இல்லாம அங்க என்ன பண்றே?"

"எங்களைத்தான் முதல் ஓட்டத்துலயே வெளிய அனுப்பிட்டாங்களே. கோட்டைத் தாண்டி ஒரு எட்டு போய்க் குச்சியைக் கொடுத்துட்டோம். நாங்க லேட்டாக் கொடுத்தோம், இவன் சீக்கிரமா இறக்கிட்டான். நம்ம நாட்டுக்கே நேரம் சரியில்ல."

அயிக்வே சிரிக்க முயன்று தாடையைப் பிடித்துக்கொண்டான். அடுத்த சண்டை நாளை மறுநாள். அதில் ஜெயித்தால் பதக்கம் உறுதி. கொடி பிடிக்கிற அந்த ஆள் நிச்சயம் வருவார். அவர் பாவம், அன்போடுதானே ஆட்டுகிறார்.

"உங்க டீம் மாஸ்டர் என்ன சொல்றார்?"

"கவனமா இருன்னு சொல்றார்."

"அதைச் சொல்ல விமானம் ஏறிப் போகணுமா?" என்றார் அக்கா.

மே மாதத்துக்கு முன் நான் எடுத்த பயிற்சி வீடியோ ஒன்று என் போனில் இருந்தது. டிரம் சத்தம் அதில் தெளிவாகக் கேட்கும். அனுப்பிவைத்தேன். மத்தியானம் பதில் வந்தது. நாலைந்து தடவை போட்டுப் பார்த்தானாம். சத்தம் எப்போது வரும் என்று கைக்கு மனப்பாடமாகிவிட்டதாம். பிரயோசனம் இல்லை.

அக்கா வேப்பமரத்தடியில் நின்று சாக்கு மூட்டையாகத் தொங்கும் டிரம்மைப் பார்த்தார். மெதுவாக ஒரு தட்டுத் தட்டலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படி ஒரு எண்ணம் எங்கள் தெருவில் யாருக்கும் வராது. வந்தாலும் வாய்வரை வராது.

"தம்பி, நசவாம் போற வண்டி எத்தனை மணிக்குக் கெளம்பும்?" என்று என்னிடம் கேட்டார். நசவாம் எங்கள் தெய்வங்களின் மண்ணுக்கு வெளியே இருக்கிற ஊர்.

ஒடோய் மாஸ்டருக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்த முடியாததால் கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. "போன்லயே ஆயிரம் மணி இருக்கு லமிலே. நாளைக்கழிச்சு சண்டை. இப்பப் போய் அவன் மண்டையைக் குழப்பாத. அன்னைக்கே நான் துணி வேணாம்னேன்."

"அன்னைக்கு நீங்க ஒண்ணும் சொல்லல மாஸ்டர். கையைத்தான் தட்டினீங்க. அதுவும் சத்தம் வராம."

மாஸ்டர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"துணியை நம்புன்னு அவனுக்குச் சொன்னது நான். நம்பாதேன்னும் நான்தான் சொல்லணும்," என்றார் அக்கா. "வாயால சொன்னா அவன் கைக்குக் கேக்காது."

மறுநாள் விடிந்ததும் நானும் இன்னொருவரும் டிரம்மை இறக்கி வண்டி நிலையத்துக்குத் தூக்கிப்போனோம். இடுக்கியை அக்கா தனிப் பையில் துணி சுற்றி வைத்துக்கொண்டார். வழியில் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் வந்துவிடக்கூடாது. அக்காவும் நானும் ஏறிய ட்ரோட்ரோ வேனின் கதவில் தொங்கிய கிளீனர் மூட்டையைப் பார்த்துக் கண்ணை விரித்தான்.

"அம்மா, யாரு இவரு? இவருக்கும் சீட்டா?"

"பக்கத்துல உக்காரவை. கொஞ்சம் கனம். ஆனா பேச மாட்டார்."

"மாசம் முடியற வரைக்கும் பேச மாட்டார்," என்று பின்சீட்டிலிருந்து ஒரு கிழவர் சொன்னார். வண்டி முழுக்க வாயை மூடிச் சிரித்தது.

பள்ளம் வரும்போதெல்லாம் அக்கா உள்ளங்கையை டிரம்மின்மேல் அழுத்திக்கொண்டார், தூங்கும் குழந்தையின் நெஞ்சில் கைவைப்பதுபோல. வழியில் அமசாமன் ஊர் கடந்தது. வயல்கள் வந்தன. பிறகு மலை தெரியத் தொடங்கியது. எங்கள் தெய்வங்களின் மண் எந்த இடத்தில் முடிகிறது என்று பலகை எதுவும் கிடையாது. நசவாமில் வண்டி நின்று, ரொட்டி விற்கும் பெண்கள் ஜன்னலை மொய்த்துக்கொண்டு கத்தியபோதுதான் அக்கா கையை எடுத்தார்.

நிலையத்தின் கோடியில் ஒரு பஞ்சர் கடை. டயர் தூக்குகிற இரும்புச் சட்டத்தில் டிரம்மைத் தொங்கவிட அனுமதி கேட்டோம். கடைக்காரர் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"விக்கவா அம்மா?"

"அடிக்க."

"அடிக்கறதுக்கு அக்ராவுலேர்ந்து இங்க வரணுமா? ஓ... உங்களுக்கு மாசமா?" புரிந்துகொண்டு சிரித்தார். "உங்க சாமிக்கு இவ்வளவு தூரம் காது கேக்காதா?"

"கேக்கும். ஆனா இது அவரோட மண்ணு இல்ல. உங்க வீட்டுல நீங்க கத்தினா நான் கேள்வி கேக்க முடியுமா?"

"என் பொண்டாட்டி கேப்பா," என்று சொல்லி அவரே கயிறு கட்டிக் கொடுத்தார்.

போனை ஒரு டயரின்மேல் சாய்த்து வைத்தேன். திரையில் வெள்ளைச் சுவர் கொண்ட ஓர் அறை, நடுவே கையுறையோடு அயிக்வே. எதிரே அடோலே, கையில் தன் சிவப்பு ஓட்டச் சட்டை. "கொடியை வெச்சு இந்த வேலை பண்ண மனசு வரல அக்கா. இது எப்படியும் தோத்த சட்டைதான்."

அக்கா இடுக்கியை எடுத்தார். முதல் அடி விழுந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாரக்கணக்கில் கேட்காத சத்தம். நிலையத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். கடலுக்கு அப்பால் அயிக்வே காற்றைக் குத்தத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் அடோலே சட்டையை உயர்த்தினாள்.

கைகள் விழுந்தன.

"செத்தே," என்று அவன் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள் அடோலே. "மறுபடி."

மறுபடியும் விழுந்தன. மறுபடியும் செத்தான்.  அக்கா மணியடிக்கவேண்டிய நேரத்தில் மட்டும் அடித்தார். சில சமயம் சுற்றைக் குட்டையாக முடித்தார், சில சமயம் இழுத்துக்கொண்டே போனார். அவர் அடிப்பதற்கும் அங்கே அவன் நிற்பதற்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி இருந்தது. கடலின் அகலம் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறியது. பஞ்சர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டுக் குந்திவிட்டார். ரொட்டிக்காரிகள் தட்டுகளைத் தலையிலேயே வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். சட்டை உயரும்போது இப்போது அவன் கைகள் விழவில்லை, ஆனால் நடுங்கின. பாதி வழி இறங்கி, வெட்கப்பட்டதுபோல மேலே ஏறின.

"விடாதேடா!" என்று அக்கா கத்தினார்.

அந்தக் குரலை அக்காவே எதிர்பார்க்கவில்லை. கையால் வாயைப் பொத்தப்போனார். பிறகு, இது நசவாம் என்று ஞாபகம் வந்து கையை இறக்கினார். ரொட்டிக்காரி ஒருத்தி அதற்குள், "விடாதே அண்ணே!" என்று கூவினாள். இன்னொருத்தி. பிறகு எல்லோரும். யார் அயிக்வே, எதற்கு அந்தச் சட்டை என்று அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அடோலே சட்டையைப் பைத்தியம் பிடித்ததுபோல அவன் முகத்துக்கு முன்னால் சுழற்றினாள். கைகள் தாடையருகே அப்படியே நின்றன. இடது கை பாய்ந்து பாய்ந்து வந்தது. அக்கா வேண்டுமென்றே அடிக்காமல் நின்றார். ரொட்டிக்காரிகளுக்குத் தொண்டை கட்டிப்போன பிறகுதான் அடித்தார்.

கைகள் இறங்கின.

"சாப்பிடு போ," என்றார் போனைப் பார்த்து. "கரண்டியை எவனுக்காகவும் கீழே வெக்காதே."

திரும்பும்போது டிரம் மீண்டும் சாக்குக்குள் போனது. கிளீனர் வேறு ஆள். அவனும் அதே கேள்வியைக் கேட்டான்.

இரண்டாவது சண்டை அன்று அக்கா டிவிக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மூக்கில் குத்து விழும்போதும் முகத்தைத் திருப்பவில்லை, என் கையை மட்டும் நசுக்கினார். எதிராளி நெட்டை. முதல் சுற்று அவன் பக்கம். இரண்டாவது எங்கள் பக்கம். மூன்றாவது யாருடையது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது, கயிற்றுக்கு அப்பால் அந்த மனிதர் எழுந்தார். கொடியை உயர்த்தினார்.

தெரு மூச்சை நிறுத்தியது.

அயிக்வேயின் கைகள் அசையவில்லை. கொடி ஆடியது, கைகள் மேலேயே இருந்தன. எதிராளி உள்ளே வந்தான். இடது கை போய் அவன் முகத்தைத் திருப்பியது, இன்னொரு தடவை, இன்னொரு தடவை. எனக்கருகே ஒடோய் மாஸ்டர் தன் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று கைகள் இறங்கின.

ஓசையில்லாமல் எல்லோரும் அலறினார்கள். மணியா, கொடியா? டிவியிடம் கேட்டால் அது பேசப்போவதில்லை. மாஸ்டர் எழுந்தேவிட்டார்.

"உக்காருங்க மாஸ்டர்," என்றார் அக்கா. "மணிதான். நெட்டையன் கையைப் பாருங்க, அதுவும் எறங்கியாச்சு."

நடுவர் இருவருக்கும் நடுவே வந்து நின்றிருந்தார்.

தீர்ப்பில் அயிக்வேயின் கை உயர்ந்தபோது எங்கள் தெருவில் ஒரு ஊசி விழும் சத்தம்கூட இல்லை. தலைத்துணிகள், துண்டுகள், சட்டைகள், கெங்கே சுற்றிய சோளத் தோல் எல்லாம் காற்றில் ஆடின. ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினார்கள். மாஸ்டர் உள்ளங்கைகளை ஒட்டாமல் தட்டிக்கொண்டே அழுதார். அக்கா மூக்கை உறிஞ்சினார். முதலில் அழுகை என்று நினைத்தேன்.

"ஐயோ, மீனு!" என்று அடுப்பைப் பார்த்து ஓடினார். ஒரு வலை முழுக்கக் கரிந்துபோயிருந்தது.

அரையிறுதியில் அயிக்வே சுத்தமாகத் தோற்றான். எதிரே நின்றவன் அவனைவிட நல்ல ஆட்டக்காரன், அதில் கொடிக்குப் பங்கில்லை. வெண்கலத்தோடு அவன் ஊர் திரும்பியபோது மாதம் முடிந்திருந்தது. தெருவெல்லாம் மேளம். டிரம் சாக்கைக் கழற்றிக்கொண்டு வேப்பமரத்தில் பழையபடி தொங்கியது. அவன் பதக்கத்தைக் கழற்றி அக்காவின் கழுத்தில் போட்டான். அவர் அதைப் புகை படாமல் முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு மீனைத் திருப்பினார். சூடான வலையைப் பிடிக்க அவர் கையில் சுற்றியிருந்தது அந்தச் சிவப்புத் துணி.

"அடுத்த வருஷ மாசத்துக்கு என்ன பண்ணப்போறே அக்கா?"

"யோசிச்சுட்டேன். நானே உள்ள வந்து ரெண்டு பேர் முதுகுலயும் கையை வெப்பேன். உலகத்துல எந்த ஊர்ல எவன் வந்து உன் முதுகுல கை வெக்கப்போறான்?"

"நடுவர் வெப்பாரே," என்றார் ஒடோய் மாஸ்டர்.

அக்கா இடுக்கியால் ஒரு மீனைத் திருப்பிப் போட்டார். "அவர் வெச்சா நிக்கத்தானே வேணும்," என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டிரம்மை ஓங்கி ஓர் அடி அடித்தார். "வேடிக்கை போதும். உள்ள போடா, சுற்று ஆரம்பம்."

முதுகில் பதக்கம் ஆட, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.